நானுஓயா – இராகலை சின்னக் கோச்சிப் பாதை (1903–1948): ஏன் போட்டார்கள், ஏன் கழற்றினார்கள்?

மலைமுகடு (இழையைத் தொடங்கியவர்)

நுவரெலியாவுக்கு ரயிலில் வருகிறவர்கள் இப்போது நானுஓயாவில் இறங்கி வேன் பிடிக்கிறார்கள். 1903க்குப் பிறகு கொஞ்சக் காலம் அந்தச் சிரமம் இருக்கவில்லை. அதே நிலையத்தில் பெரிய கோச்சியை விட்டிறங்கிச் சின்னக் கோச்சியில் ஏறினால் நுவரெலியா நகரத்திலேயே போய் இறங்கலாம். அடுத்த ஆண்டு, 1904இல், பாதை கந்தப்பளை, புரூக்சைட் வழியாக இராகலை வரை நீண்டது. மொத்தம் சுமார் 19 மைல். தண்டவாள இடைவெளி 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மி.மீ. பிரதான பாதையில் அது 5 அடி 6 அங்குலம். மிகக் கடுமையான ஏற்றம் 24க்கு 1, அதாவது 24 அடி போனால் 1 அடி உயரும். மிக நெருக்கமான வளைவின் ஆரம் 80 அடி.

1940இல் பயணிகள் சேவை நின்றது. 1948இல் பாதையையே மூடினார்கள்.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டு காரணங்கள் அடிபடுகின்றன. "ஏற்றம் கடுமை, அதனால் கட்டுப்படியாகவில்லை" என்பது ஒன்று. "இரண்டாம் உலக யுத்தத்துக்குத் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்" என்பது மற்றது. இரண்டுமே பாதி உண்மைகூட இல்லை என்பது என் எண்ணம். கணக்கோடு பேசக்கூடியவர்கள் வாருங்கள்.

பொடிமெனிக்கே

சின்னத் திருத்தம் ஒன்று. நிறையப் பேர் இந்தப் பாதை உடப்புசல்லாவை வரை போனதாக எழுதுகிறார்கள். ஆவணங்களில் இதன் பெயர் உடப்புசல்லாவை ரயில்பாதை என்று இருப்பதால் வந்த குழப்பம் அது. பெயரில் இருக்கும் ஊருக்கு வண்டி போய்ச் சேரவே இல்லை, இராகலையோடு நின்றுவிட்டது.

இன்னொன்று: இன்று இலங்கையின் மிக உயர்ந்த நிலையம் பட்டிப்பொல. இந்தப் பாதை ஓடிய காலத்தில் அந்தப் பெருமை கந்தப்பளைக்கு, 6,316 அடி. பட்டிப்பொலவை விட ஏறத்தாழ 90 அடி மேலே.

ஐந்துசெயின்

முதலில் ஏன் குறுகிய பாதை என்பதைப் பார்ப்போம். பிரதான பாதை 1885இல் நானுஓயாவுக்கு வந்தது. அதன் இலக்கு ஊவா. நுவரெலியாவைத் தொடாமல் பட்டிப்பொல, அப்புத்தளைப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் அதுதான். அந்தப் பாதையின் விதிகள்: ஏற்றம் 44க்கு 1, குறைந்த வளைவு ஆரம் 5 செயின். ஒரு செயின் 66 அடி, ஆக 330 அடி. சின்னப் பாதைக்கு 80 அடி. நாலில் ஒரு பங்கு.

இதை வைத்து மண்வேலையைக் கணக்குப் பண்ணுங்கள். மலைச் சரிவில் பாதை வெட்டும்போது வெட்டு முக்கோண வடிவில் வரும். அகலம் இரண்டு மடங்கானால் முக்கோணத்தின் பரப்பு நாலு மடங்காகும். சின்னப் பாதைக்கு 3 மீட்டர் தளம், அகலப் பாதைக்கு 5.5 மீட்டர் தளம் என்று வைத்தால் (5.5 ÷ 3)² = 3.36. அதே மலை, அதே தடம், ஆனால் மூன்றரை மடங்கு மண். அகலப் பாதைக்கு அதே தடமும் கிடைக்காது என்பது வேறு விஷயம். 330 அடி ஆரத்தில் ஒவ்வொரு கானையும் (ஓடைப் பள்ளத்தையும்) சுற்றிப் போக முடியாது. பாலமோ சுரங்கமோ வேண்டும். 80 அடி ஆரம் என்றால் பாதை மலையின் மடிப்போடு மடிப்பாக உள்ளே போய் வெளியே வரும்.

19 மைல் கிளைக்கு, அதுவும் தேயிலை மட்டுமே முக்கியச் சரக்காக இருக்கும் கிளைக்கு, வேறு எந்த அகலத்திலும் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். போட்டது தவறில்லை.

மேட்டுப்பாளையத்தான்

இந்தியப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. ஊட்டிப் பாதையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சக்கரம் இருக்கிறது. இங்கே ஏன் அது இல்லை?

ஐந்துசெயின்

கல்லாறு – குன்னூர் ஏற்றம் ஏறத்தாழ 12க்கு 1. வெறும் சக்கரப் பிடிமானத்தில் சரக்கு இழுக்க முடியாத அளவு. உங்கள் பாதையிலேயே குன்னூருக்கு மேலே ஊட்டி வரை பற்சக்கரம் கிடையாது. அங்கே ஏற்றம் 25க்கு 1 அளவில்தான். நானுஓயா – இராகலை அதற்குச் சமம். டார்ஜிலிங் பாதை 2 அடி அகலத்தில் இதைவிடக் கடுமையான இடங்களிலும் பற்சக்கரம் இல்லாமல் ஏறுகிறது. எஞ்சின் முன்னால் உட்கார்ந்து கையால் மணல் போட ஆள் வைத்து ஏறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் 24க்கு 1 என்பது காகிதத்தில் உள்ள எண். வளைவு அதை மோசமாக்கும். குறுகிய பாதைக்கு இந்திய ரயில்வே பயன்படுத்தும் விதிப்படி ஒரு பாகை வளைவுக்கு டன்னுக்கு 0.2 கிலோ எதிர்ப்பு. 80 அடி என்பது 24.4 மீட்டர். 1750ஐ மீட்டரில் உள்ள ஆரத்தால் வகுத்தால் வளைவின் பாகை: 1750 ÷ 24.4 = ஏறத்தாழ 72 பாகை. எனவே வளைவு எதிர்ப்பு மட்டும் டன்னுக்கு 14 கிலோ. ஏற்றத்தின் பங்கு 1000 ÷ 24 = 42 கிலோ. உருளும் எதிர்ப்பு ஒரு 5 கிலோ. கூட்டினால் 61. நேர்த் தண்டவாளத்தில் 18க்கு 1 ஏற்றம் ஏறுவதற்குச் சமம் இது. வளைவுகளில் ஏற்றத்தைத் தணித்துப் போட்டிருந்தால் தப்பலாம். தணிக்காத வளைவில் எஞ்சின் மூச்சுத் திணறும்.

மலைமுகடு

அதைச் சுமையாக மாற்றிக் காட்டுங்கள். டன்னுக்கு 61 கிலோ என்றால் பலருக்குப் புரியாது.

ஐந்துசெயின்

உதாரணத்துக்கு ஓர் எஞ்சின். மொத்த எடை 35 டன், அதில் இயக்குச் சக்கரங்கள் மேல் 24 டன். (இது கணக்குக்கான எண். அங்கே ஓடிய எந்த எஞ்சினின் அளவும் அல்ல.)

காய்ந்த தண்டவாளம், பிடிமானம் கால் பங்கு: 24 டன்னில் கால் பங்கு 6,000 கிலோ இழுவை. 6,000 ÷ 61 = 98 டன். எஞ்சினின் 35 கழித்தால் பின்னால் 63 டன்.

பனிமூட்டம், ஈரத் தண்டவாளம், பிடிமானம் 0.15: இழுவை 3,600 கிலோ. 3,600 ÷ 61 = 59 டன். எஞ்சினைக் கழித்தால் 24 டன்.

63 டன் 24 ஆகிறது. பிடிமானம் நாற்பது விழுக்காடு குறைந்ததும் சுமை அறுபது விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது, ஏனென்றால் எஞ்சின் முதலில் தன்னையே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். நுவரெலியா – கந்தப்பளைப் பக்கம் தண்டவாளம் காய்ந்திருக்கும் நாள் எத்தனை என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

கடுகண்ணாவை இறக்கம்

மணல் பற்றி ஒரு வார்த்தை. மணல் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். மணல் வறண்டதாக இருக்க வேண்டும். ஈரம் பட்டால் குழாயில் கட்டிபட்டு அடைத்துவிடும், தேவையான நேரத்தில் ஒரு பிடிகூட விழாது. சக்கரம் வழுக்கிச் சுழலும்போது மணல் போடக் கூடாது. முதலில் ரெகுலேட்டரை (நீராவியைத் திறந்து மூடும் கைப்பிடியை) மூடிச் சுழற்சியை நிறுத்தி, பிறகு மணல் விட்டு, மெதுவாகத் திறக்க வேண்டும். சுழலும் சக்கரம் திடீரென்று பிடித்தால் அந்த அடி முழுக்க இணைப்புத் தண்டுகளில் விழும், தண்டு வளையும். மூன்றாவது, அளவு. எஞ்சினுக்கு உதவும் அதே மணல் பின்னால் வரும் பெட்டிகளின் சக்கரத்துக்கு உராய்வு. கொட்டிக் குவித்தால் லாபம் போய்விடும்.

ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறோம். எனக்குப் பயம் இறக்கத்தில்தான். 24க்கு 1 சரிவில் பிரேக் இல்லாமல் ஒரு வாகன் (சரக்கு ஏற்றும் ரயில்பெட்டி) உருள ஆரம்பித்தால் வினாடிக்கு 0.36 மீட்டர் வீதம் வேகம் கூடும். 30 வினாடியில் மணிக்கு 39 கிலோமீட்டர். அதற்குள் ஓடியிருக்கும் தூரம் வெறும் 160 மீட்டர் சொச்சம். இப்போது 80 அடி வளைவு வருகிறது. 762 மி.மீ. அகலத்தில், எடையின் மையம் தண்டவாளத்திலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் இருந்தால், வெளித் தண்டவாளத்தை உயர்த்தாத வளைவில் அந்த வாகன் ஏறத்தாழ மணிக்கு 33 கிலோமீட்டரிலேயே கவிழும். அதாவது ஓடத் தொடங்கிய 25 வினாடிக்குள் பிடித்தாக வேண்டும். இப்படிப்பட்ட பாதையில் நிலையத்தில் கழற்றி விட்ட வாகனுக்குக் கைப்பிரேக் மட்டும் போதாது, சக்கரத்தடியில் கட்டையும் வைக்க வேண்டும்.

பொடிமெனிக்கே

80 அடி வளைவில் எஞ்சினே எப்படித் திரும்பியது என்று யாரும் கேட்கவில்லையே. ஒரே சட்டத்தில் மூன்று இயக்குச் சோடி, முதலுக்கும் கடைசிக்கும் நடுவே 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24.4 மீட்டர் ஆரத்தில் நடுச் சக்கரம் நேர்கோட்டிலிருந்து 30 மி.மீ. விலகி நிற்க வேண்டும். சக்கர விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் இருக்கிற இடைவெளி அதற்குப் போதாது. அதனால்தான் இப்படிப்பட்ட பாதைகளில் நடுச் சக்கரத்தை விளிம்பில்லாமல் செய்வார்கள், வளைவில் தண்டவாள இடைவெளியையும் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். கூட்டியதை அப்படியே கவனிக்காமல் விட்டால் சிலிப்பர் கட்டையில் ஆணி இளகி இன்னும் அகலும், ஒரு நாள் சக்கரம் உள்ளே விழும்.

மலைமுகடு

சரி, ஓட்டுவது கடினம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கடினம் 1904இலும் இருந்ததுதானே? அதே ஏற்றத்தோடு முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஓடியது. மலை மாறவில்லை. அப்படியானால் மாறியது எது?

என் பதில்: நானுஓயா கூட்ஸ் செட், அதாவது சரக்குக் கொட்டகை.

கந்தப்பளைப் பக்கத்து ஒரு தோட்டத்துத் தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒன்றில் ஏறத்தாழ 50 கிலோ தேயிலை. பத்து டன் என்றால் 200 பெட்டி. தொழிற்சாலையிலிருந்து மாட்டு வண்டியில் சின்ன நிலையத்துக்கு வந்து சின்ன வாகனில் ஏறுகிறது. நானுஓயாவில் அந்த 200 பெட்டியையும் இறக்கி, அகலப் பாதை வாகனில் மறுபடி ஏற்ற வேண்டும். பிறகு கொழும்பில் இறக்கம். 19 மைலுக்கும் குறைந்த பயணத்துக்காக ஒரு முழு இறக்கு-ஏற்று.

மேலே போகும் சரக்கும் அப்படியே: லயத்துக்கான (தொழிலாளர் குடியிருப்புக்கான) அரிசி மூட்டை, உரம், தொழிற்சாலை இயந்திரம், பெட்டிப் பலகை, ஈயத்தாள். எல்லாம் நானுஓயாவில் கை மாறும். தேயிலை பக்கத்தில் உள்ள வாசனையை இழுக்கும் சரக்கு. மீன் உரமோ மண்ணெண்ணெயோ வைத்த மூலைக்குப் பக்கத்தில் ஓர் இரவு இருந்தால் ஏலத்தில் விலை இறங்கும். மூட்டத்தில் ஈரம் பட்டாலும் அதே கதி. ஆகவே செட்டில் தனி இடம், தனிக் கூரை, தனி ஆள். சின்ன வாகன் இரண்டு வந்தால்தான் பெரிய வாகன் ஒன்று நிறையும். நிறையும் வரை பெரியது சும்மா நிற்கும்.

லொறி வந்தபோது என்ன செய்தது? கந்தப்பளைத் தொழிற்சாலையிலிருந்து நேரே நானுஓயா அகலப் பாதை வாகனுக்குப் பக்கத்தில் போய் நின்றது. இறக்கு-ஏற்று ஒன்று மிச்சம். கொழும்புக்கே போகும் லொறி என்றால் இரண்டு மிச்சம். சின்னப் பாதை ஓட்டத்தில் தோற்கவில்லை, சேரும் இடத்தில் தோற்றது.

வடபாதை

இதிலை எனக்குக் கொஞ்சம் சந்தேகம். இறக்கு-ஏற்றுத்தான் காரணம் எண்டால் அதைத் தவிர்க்க வழி இருந்ததுதானே? அதே 2 அடி 6 அங்குல அகலத்திலை, அதே 1904இல் இங்கிலாந்திலை லீக் – மேனிஃபோல்ட் பாதை திறந்தாங்கள். அங்கை பெரிய பாதை வாகனையே தூக்கிச் சின்னப் பாதைத் தாங்கி வாகனிலை ஏத்திக் கொண்டு போனாங்கள். சரக்கைத் தொடவே தேவையில்லை.

கடுகண்ணாவை இறக்கம்

அண்ணை, நல்ல உதாரணம். ஆனால் மேலே நான் போட்ட கவிழும் கணக்கைப் பாருங்கள். தாங்கி வாகன் மேல் இன்னொரு வாகன் ஏறினால் எடையின் மையம் 1.1 மீட்டரில் நிற்காது, 1.8க்குப் போகும் என்று வைப்போம். அப்போது 80 அடி வளைவில் கவிழும் வேகம் மணிக்கு 26 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். இதோடு 5 அடி 6 அங்குல வாகனின் அகலம் வேறு. வளைவில் நடுப்பகுதி உள்ளே தள்ளும், முனை வெளியே தள்ளும், மலையைச் சீவிய பக்கத்தில் முட்டும். முட்டாமல் இருக்கத் தளத்தை அகலப்படுத்தினால் ஐந்துசெயின் சொன்ன மூன்றரை மடங்கு மண்வேலை திரும்பி வந்துவிடும். லீக் பாதை ஆற்றுப் பள்ளத்தாக்கோடு போனது, மலை முகட்டில் அல்ல. அதுவும் 1934இல் மூடிவிட்டார்கள், கவனியுங்கள்.

வடபாதை

அப்ப யுத்தத்தை விடுங்கோ எண்டு சொல்லுறியள். ஆனால் கொழும்பிலையிருந்து போற களனிவெளிப் பாதையிலை அவிசாவளை – எட்டியாந்தோட்டைத் துண்டை 1942இல் மூடினதும் யுத்த நேரத்திலைதான். அதை எப்பிடி விளங்கப்படுத்துவியள்?

மலைமுகடு

எட்டியாந்தோட்டைக்கு யுத்தம் பொருந்தும். இராகலைக்குப் பொருந்தாது. ஆண்டைப் பாருங்கள். இரும்புக்காகப் பிடுங்கியிருந்தால் 1942 – 43இல் பிடுங்கியிருப்பார்கள். 1940இல் நின்றது பயணிகள் வண்டி மட்டும். பாதை 1948 வரை இருந்தது. என் ஊகம் நேர் எதிர்: டயருக்கும் பெற்றோலுக்கும் தட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் லொறிப் போட்டி தளர்ந்தது, அந்த மூச்சில்தான் இந்தப் பாதை எட்டு வருஷம் கூடப் பிழைத்தது. தட்டுப்பாடு தீரத் தொடங்கியதும் முடிந்தது.

ஐந்துசெயின்

களனிவெளியை இழுத்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அதுவும் 2 அடி 6 அங்குலம்தான். அவிசாவளைக்கு 1902இல் திறந்தார்கள், எட்டியாந்தோட்டைக்கு 1903, இரத்தினபுரிக்கு 1912, பின்னர் ஓப்பநாயக்க வரை. ஒரே அரசு, ஒரே அகலம், ஒரே காலம். ஒரே ஒரு பெரிய வித்தியாசம்: அந்தக் குறுகிய பாதை கொழும்புக்குள்ளேயே போனது. றப்பர், தேயிலை எதையும் நடுவழியில் மாற்றத் தேவையில்லை. கொழும்புப் பக்கத்தில் நுகேகொடை, மஹரகம, ஹோமாகம என்று அன்றாடப் பயணிகளும் சேர்ந்தார்கள். அது குறுகிய பாதையாகவே 1990கள் வரை ஓடியது.

மலைமுகடு சொல்வதை இது நிரூபிக்கிறதா? முழுதாக இல்லை. இரத்தினபுரிப் பக்கமும் 1970களில் மூடப்பட்டது, அங்கே நடுவழி இறக்கு-ஏற்று எதுவும் இல்லை. லொறியும் பஸ்ஸும் எப்படியும் வென்றிருக்கும். ஆனால் இராகலை அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு முன்பே போய்விட்டது. அந்த முப்பது ஆண்டுக்கு நானுஓயா செட்டைக் காரணம் சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

மலைமுகடு

ஏற்றுக்கொள்கிறேன். "சேரும் இடத்தில் தோற்றது" என்பதற்குப் பதில் "சேரும் இடத்தால் முந்தித் தோற்றது" என்று திருத்திக்கொள்கிறேன்.

மேட்டுப்பாளையத்தான்

களனிவெளியை அகலமாக்கியது போல இராகலைப் பாதையையும் வைத்திருந்து பின்னால் அகலமாக்கியிருக்கலாமே?

ஐந்துசெயின்

களனிவெளியிலேயே அதன் வலி இன்னும் தீரவில்லை. தண்டவாளத்தை அகலமாக்கினார்கள், ஆனால் தடம் பழைய குறுகிய பாதையின் தடமே. வீதியும் வீடும் நெருங்கிவிட்ட இடத்தில் வளைவை நிமிர்த்த நிலம் இல்லை. அகலப் பாதை வேகத்துக்குப் பழைய இந்திய விதி ஒன்று: வேகம் = 4.35 × √(ஆரம் – 67). ஆரம் மீட்டரில், வேகம் மணிக்குக் கிலோமீட்டரில். 5 செயின் வளைவு, அதாவது 100 மீட்டர் என்றால் 25 கிலோமீட்டர் வருகிறது. 175 மீட்டர் என்றால் 45. 67 மீட்டருக்குக் கீழே போனால் வர்க்கமூலத்துக்குள்ளே எதிர்மறை எண், அதாவது அந்த விதியே கையை விரித்துவிடும். இராகலைப் பாதையின் 24 மீட்டர் வளைவை அதில் போட்டுப் பாருங்கள். அகலமாக்குவது என்றால் பக்கத்தில் புதிய பாதை ஒன்று போடுவது என்று அர்த்தம்.

புதுவரவு நுவரெலியா

வணக்கம் அண்ணே, முழுதும் வாசித்தேன். பழைய தடம் இன்னும் தெரிகிறதா? தோட்டத்து ரோட்டுகளில் எது பழைய ரயில் தடம், எது வெறும் ரோட்டு என்று எப்படிப் பிரிப்பது?

பொடிமெனிக்கே

தம்பி, சில இடங்களில் தடம் இன்று ரோட்டாகிவிட்டது, சில இடங்களில் தேயிலைக்குள் போய்விட்டது. பிரிக்க மூன்று சோதனை.

முதலாவது, சரிவு. 24க்கு 1 என்றால் 2.4 பாகை. கைபேசியில் சரிவு காட்டும் செயலி போதும், ஆனால் கைபேசியை ரோட்டு மேல் வைக்காதீர்கள். நேரான இரண்டு மீட்டர் பலகையை ரோட்டு நீளத்துக்குக் கிடத்தி அதன் மேல் வையுங்கள், இல்லையென்றால் ஒரு கல் அரைப் பாகை கூட்டிக் காட்டும். பத்துப் பத்து மீட்டராக ஐந்தாறு இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். சராசரி 3 பாகையைத் தாண்டினால் ரயில் தடம் இல்லை.

இது மட்டும் போதாது. பழைய வண்டி ரோட்டுகளும் மெதுவான சரிவில்தான் போட்டார்கள்.

இரண்டாவது, வளைவு. ஏமாற்றாத சோதனை இதுதான். வளைவின் உள்விளிம்பில் 20 மீட்டர் கயிற்றை இறுக்கிப் பிடியுங்கள், இரு முனையும் விளிம்பைத் தொட வேண்டும். கயிற்றின் நடுவிலிருந்து விளிம்புக்கு உள்ள தூரத்தை அளங்கள். 24.4 மீட்டர் ஆரத்துக்கு அது 2.14 மீட்டர் வரும். உள்விளிம்பு தடத்தின் நடுக்கோட்டை விட ஒன்றரை மீட்டர் உள்ளே இருப்பதால் 2.3 வரை விட்டுக்கொடுக்கலாம். அதற்கு மேல் வந்தால் அந்த வளைவில் கோச்சி திரும்பியிருக்க முடியாது. கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் இந்த இடத்திலேயே கழிந்துவிடும். செய்மதிப் படத்திலும் இதையே அளக்கலாம்.

மூன்றாவது, மதகு. ஓடை குறுக்கிடும் இடத்தில் இறங்கிப் பாருங்கள். வண்டி ரோட்டு பெரும்பாலும் ஓடைக்குக் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறும். ரயில் தடம் இறங்காது; மண்ணை உயர்த்திக் கல்மதகு கட்டி, அதே சரிவில் கடந்து போகும்.

புதுவரவு நுவரெலியா

கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்து ரோட்டுக்குச் செய்மதிப் படத்தில் அளந்தேன். 20 மீட்டர் கோட்டுக்கு 3.4 மீட்டர் வருகிறது.

பொடிமெனிக்கே

ஆரம் 16 மீட்டர். அது ரோட்டுதான் தம்பி. அதற்குக் கீழேயோ மேலேயோ சமாந்தரமாக இன்னொரு படி தேயிலைக்குள் ஓடுகிறதா பாருங்கள். கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலையாக இருந்தால் படத்திலேயே தெரியும்.